கூப்பிட வேண்டாம்

ஜூலை 8, செவ்வாய்

அதெல்லாம் செல்லாது ஏட்டையா. மூன்று நாளும் வந்தேன், நோட்டில் கையெழுத்து இருக்கிறது என்று ஸ்டேஷன் வாசலில் நின்று சொன்னீர். கையெழுத்து இருந்தால் ஆள் வந்ததாக ஆகிவிடுமா? சனி, ஞாயிறு, திங்கள். மூன்றும் ஒரே மை, ஒரே சாய்வு. ஒரே மூச்சில் போட்டது. எனக்கா சொல்லித் தருகிறீர்? முனிசிபாலிட்டி தண்ணீர்த் தொட்டியில் முப்பத்தோரு வருஷம் வால்வு திறந்தவன் நான். மணிக்கொரு தடவை குளோரின் பார்த்ததாக ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். திங்கட்கிழமை காலையிலேயே சனிக்கிழமை வரைக்கும் பார்த்து முடித்துவிடுவேன். இந்த வித்தையில் நீர் எனக்குப் பேரன்.

இதை நேரிலேயே சொல்லியிருப்பேன். நீர் பாதிப் பேச்சில் வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டீர். அதனால் உம்முடைய நோட்டிலேயே எழுதுகிறேன். முன்பக்கத்திலிருந்து நீர் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வாரும். பின்பக்கத்திலிருந்து நான் எழுதிக்கொண்டு வருகிறேன். எங்கே முட்டிக்கொள்கிறோம் என்று பார்ப்போம்.

பின்னால் யாராவது எடுத்துப் படித்தால் புரிய வேண்டும். போன மாதம் போலீசில் ஒரு திட்டம் போட்டார்கள். தனியாக இருக்கும் கிழடுகளைக் கவனிக்கும் திட்டம். எங்கள் புதுவாய்க்கால் காலனியில் அப்படி அறுபத்தோரு வீடு. வீட்டுக்கு ஒரு நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கேட்டில் கட்டிவிட்டுப் போனார்கள். தினமும் ஒரு போலீஸ்காரர் வந்து, நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று பார்த்து, அதில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் போலீஸ்காரர்தான் ஏட்டு சங்கரபாண்டி. நான் சொரிமுத்து, வயசு எழுபத்தாறு. படிப்பு ஆறாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வாய்க்காலில்.

பக்கத்து வீட்டு ஞானதிரவியம் எழுபத்தொன்பது வயசு. போஸ்ட் ஆபீசில் முத்திரை குத்தி ரிட்டயர் ஆனவர். சனிக்கிழமை காலையில் பக்கவாட்டில் இருக்கும் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு போய்விட்டது. செல்போன் முன்னறையில் சார்ஜில் கிடந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி வரைக்கும் அந்த மனுஷன் சிமெண்டுத் தரையில் கிடந்தார். மாவு விற்கும் பேச்சிக்கனி அப்போது வந்தாள். சனிக்கிழமை அவள் கேட்டில் மாட்டிய மாவுப் பை அப்படியே தொங்கியது. புளித்துப் பொங்கி வழிந்து எறும்பு மொய்த்தது. அதைப் பார்த்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட் ஏறிக் குதித்தாள்.

அந்தப் பைக்கு அரை அடி தள்ளித்தான் உம்முடைய நோட்டு தொங்கியது ஏட்டையா. அதில் திங்கட்கிழமைக் கையெழுத்தும் தயாராக இருந்தது.

எனக்கும் ஞானதிரவியத்துக்கும் பேச்சு நின்று மூன்று வாரம். எதற்கு என்பது இந்த நோட்டுக்கு வேண்டாத விஷயம்.

ஜூலை 9, புதன்

மோட்டார் போட்டேன். முருங்கைக்கீரை உருவினேன். காயப்போட்ட வேட்டியை எடுக்க மறந்து சாரலில் நனைந்தது. கோபம் குறையவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு கதலிப்பழம் வாங்கிப் போனேன். தூத்துக்குடியிலிருந்து அவர் மகள் வந்திருக்கிறாள். ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். எலும்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்களாம். கம்பி வைத்தாயிற்று, இனி மேல்மாடி கட்டலாம் என்று கட்டில் பக்கமாகக் குனிந்து சொன்னேன். வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு என்னை நாறடித்திருப்பார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வராந்தாவில் வைத்து மகள்தான் சொன்னாள். மூன்று நாளும் காலையில் ஏட்டு வண்டி வந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். பிளாஸ்டிக் உறை சரசரக்கும். வண்டி போய்விடும். எப்பேர்ப்பட்ட காது அவருக்கு. கட்டிலுக்கு அடியில் கரப்பான்பூச்சி நடந்தால் எழுந்து உட்காருகிற காது. அத்தனையையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"அப்பா கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காங்க மாமா. ஏட்டையாவக் கூப்பிட்டாங்களாம். ஏசப்பாவக் கூப்பிட்டாங்களாம். வேற யாரையும் கூப்பிட்டீங்களாப்பான்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்காங்க."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சரி ஏட்டையா, வந்திருக்கிறீர். ஒரே மூச்சில் போட்டீர் என்று எழுதியதை அடித்துவிடலாம். ஆனால் அது உமக்கு நல்லது என்று நினைக்காதீர். வராதவனையாவது விட்டுவிடலாம். வாசல் வரை வந்து, நின்று, திரும்பிப் போனானே, அவனை என்ன செய்வது?

ஜூலை 13, ஞாயிறு

இன்றைய தேதிக்கு நேராக நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன்: இந்த வீட்டுக் கிழவன் செத்து இரண்டு நாள் ஆகிறது. நாற்றம் பொறுக்க முடியவில்லை. இப்படிக்கு, கிழவன்.

ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். எட்டு இருபதுக்கு வண்டி வந்தது. எஞ்சினை நிறுத்தவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே உறையிலிருந்து நோட்டை உருவினார். விரலால் தேதியைத் தடவினார். கையெழுத்துப் போட்டார். போய்விட்டார். என் சாவுச் செய்திக்கு நேர் கீழே சங்கரபாண்டி என்று வால் சுழித்த கையெழுத்து.

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஞானதிரவியத்திடம் சொல்ல வேண்டும் என்று எழுந்து சுவர் வரைக்கும் போய்விட்டேன்.

அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. ஒரு வாரத்துக்கு முன்னால்தான் ஒருத்தர் இவர் கையெழுத்துக்குக் கீழே கிடந்து செத்துப் பிழைத்திருக்கிறார். இன்னும் இந்த ஆள் எழுத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

ஜூலை 14, திங்கள்

நோட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். செத்தவன் புகார் கொடுக்க வந்திருக்கிறேன் என்றேன். பாரா நின்ற போலீஸ்காரர் சிரித்துவிட்டார். எஸ்.ஐ. அம்மாள் சிரிக்கவில்லை. பெயர் மதிவதனி, முப்பது வயசு இருக்கும். நான் எழுதியதையும் கீழே இருந்த கையெழுத்தையும் இரண்டு தடவை படித்தார். அறுபத்தோரு வீட்டுக்கும் அந்த ஒரு ஏட்டுதான், கோவில் கொடை, கூட்டம் என்று பந்தோபஸ்து வந்துவிட்டால் அவரும் இல்லை என்று சொன்னார். அப்படியென்றால் அதைத் திட்டம் என்று சொல்லாதீர்கள், கோலம் என்று சொல்லுங்கள், வாசலில் போட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் அதுதான் என்றேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஞானதிரவியத்தின் நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தை விரித்து என் பக்கம் திருப்பினார். பெயர், வயசு, மகளின் போன் நம்பர், சர்க்கரை உண்டு, பிரஷர் இல்லை. அதற்குக் கீழே சிவப்பு மையில், அடிக்கோடு இரண்டு போட்டு: காது கேட்காது. கூப்பிட வேண்டாம். தகவல், பக்கத்து வீட்டுக்காரர்.

"அவருக்கு நல்லாக் காது கேக்கும்னு அவர் பொண்ணு சொல்றாங்க. ஏட்டு இதப் பாத்துட்டுத்தான் சத்தம் குடுக்கலன்னு எழுதிக் குடுத்திருக்காரு. பக்கத்து வீட்டுக்காரர்னு போட்டிருக்கு. நீங்க எந்தப் பக்கம் ஐயா?"

கிழக்கே ஒரு வீடு இருக்கிறது என்றேன்.

அது பொய்யில்லை. கிழக்கே வீடு இருக்கத்தான் செய்கிறது. சொந்தக்காரர் பம்பாய் போய் இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. வீடு வீடாக வந்து விவரம் எழுதிய ஊர்க்காவல் படைப் பெண் கல்யாணமாகி ஊரை விட்டே போய்விட்டாளாம். விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

ஸ்டேஷன் டீ வெறும் வெந்நீர்.

ஜூலை 16, புதன்

நோட்டைக் கேட்டில் கட்டினால் கேட் உயிரோடு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இன்றைக்கு அதை அவிழ்த்து முன்வாசல் கம்பிக் கிராதியில் கட்டினேன். ஏட்டு கேட்டைத் தடவிப் பார்த்தார். ஹாரன் அடித்தார். நான் உள்ளே உட்கார்ந்து முறுக்கு தின்றேன். கடைசியில் வண்டியை விட்டு இறங்கி, என்னவோ முணுமுணுத்துக்கொண்டு கிராதி வரை வந்து போட்டுவிட்டுப் போனார். எட்டு அடி உள்ளே இழுத்தாயிற்று.

ஜூலை 17, வியாழன்

இன்றைக்கு நோட்டு அடுக்களை ஆணியில். வந்தார். சாம்பாரில் பெருங்காயம் கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 18, வெள்ளி

இன்றைக்கு நோட்டைக் கட்டிலுக்கு மேலே மாட்டிவிட்டு, அதற்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுத்துக்கொண்டேன். ஏட்டு கூடத்தில் தேடினார். அடுக்களையில் தேடினார். அப்புறம் படுக்கை அறைக்கு வந்தார். காலடிச் சத்தம் நின்றது. என் மூக்குக்குக் கீழே ஒரு விரல் வந்தது.

"பெரியவரே. ஏ பெரியவரே."

"ரெண்டு நாளாச்சுவே. நீருதான கையெழுத்துப் போட்டீரு."

அடித்துவிடுவார் என்று நினைத்தேன். கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். இன்றைக்குத்தான் ஹெல்மெட் இல்லாமல் அந்தத் தலையைப் பார்த்தேன். மேலே கறுப்புச் சாயம், வேரில் எல்லாம் வெள்ளை. முழங்கால் இரண்டையும் பிடித்துவிட்டுக்கொண்டார். ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம்தானாம். எழுத்துப் படிக்கக் கண்ணாடி வேண்டும், ஹெல்மெட்டோடு கண்ணாடி போட முடியாது, ஒவ்வொரு வீட்டிலும் இறங்கி ஏறினால் கால் தாங்காது என்றார். கிழவனைப் பார்க்கக் கிழவனை அனுப்பியிருக்கிறது சர்க்கார்.

அப்புறம் அவராகவே ஞானதிரவியம் பேச்சை எடுத்தார்.

"மொத நாளு சைகையில கேட்டேன் பெரியவரே. சாப்பிட்டாச்சா, தூங்குனீரா, எல்லாம் கையக் காட்டித்தான். கம்ப எடுத்துக்கிட்டு வெரட்டுனாரு. செவிட்டு மனுசன எதுக்கு எரிச்சல் படுத்தணும்னு அன்னைலேர்ந்து சத்தமில்லாமப் போட்டுட்டுப் போயிருவேன். இப்ப என்னடான்னா அவருக்கு நல்லாக் காது கேக்குமாம். மேல எவனும் நம்ப மாட்டேங்கான். தப்பிக்கதுக்கு நானே எழுதுனதுன்னு சொல்லுதான். அந்தக் கதையக் கட்டுனவன் மட்டும் என் கையில மாட்டட்டும்."

டீக்கு எத்தனை சீனி என்று கேட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஏட்டுக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். மலையடிவாரத்துச் செக்போஸ்டுக்குப் போட்டுவிடுவார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இன்றைக்கு யாரும் வரவில்லை. நோட்டில் கட்டம் காலியாக இருக்கிறது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

பேச்சிக்கனி மாவு கொண்டுவந்தாள். தரவில்லை. சட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் ஓயாத பொம்பளை. அவள் பேசாமல் நின்றால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. மாவில் கல் போட்டு எடை கூட்டுகிறாயாமே என்று சீண்டினேன். அப்புறம் பேசினாள்.

"அண்ணாச்சி, அந்தப் புள்ள நோட்டுல எழுதும்போது நானும் இங்கனதான நின்னேன். இடி விழுந்தாலும் அவருக்குக் கேக்காது தாயி, கூப்பிட்டு ஒன் தொண்டையக் கெடுத்துக்காதன்னு சொன்னீக. நானும் சேந்து சிரிச்சேன். சிரிச்ச பாவத்த எங்க போய்க் கழுவன்னு தெரியாம நான் மாவாட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க ஏட்டையா மேல மனு எழுதுதீக."

எனக்கு வந்த கோபத்தில் உன் மாவு புளித்த மாவு, எடுத்துக்கொண்டு போ என்று கத்தினேன். அவள் கேட் வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"சனிக்கெழம நான் மாட்டுன பை ரெண்டு நாளு தொங்கிருக்கு. நீங்க அந்த வழியாத்தான டீக்கடைக்குப் போவீக. கண்ணுல படலையா?"

படவில்லை என்றேன்.

விழுந்து கிடந்த ஞானதிரவியத்தைப் போலவே நானும் இப்போது மாவு இல்லாமல் இருக்கிறேன். ரவையை வறுத்து உப்புமா கிண்டினேன். அடி பிடித்துவிட்டது.

ஜூலை 25, வெள்ளி

சரி. நான்தான் சொன்னேன். எழுதியாயிற்று, போதுமா?

அது விளையாட்டு. நானும் அவரும் ஒருவரை ஒருவர் வாரிவிடாத நாள் கிடையாது. போன வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன். கண்கட்டோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் மலர்வளையம். சொல்லி வைத்து வாங்கி வந்தவர் யார்? இந்த ஞானதிரவியம்தான். நான் என்ன, கம்பை எடுத்துக்கொண்டா போனேன்? அந்த மலர்வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் வீட்டில் போய் டீ குடித்தேன். பதிலுக்கு நான் ஒன்று செய்ய வேண்டாமா? விவரம் எழுத வந்த அன்று அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். வாய்ப்பு கிடைத்தது. சொன்னேன். ஏட்டு சைகை காட்டுவார், இவர் விழிப்பார், நாங்கள் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம் என்றுதான் நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. வயசானவனை ஊர் முன்னால் செவிடனாக்கிவிட்டாய் என்று தெருவில் வைத்துக் கத்தினார். "இனிமே நான் ஒம்மக் கூப்பிட மாட்டேன். நீரும் என்னக் கூப்பிட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன கோபம் அது? எழுபத்தொன்பது வயசில் அவ்வளவு ரோஷம் எதற்கு? சிரித்துத் தொலைத்திருந்தால் இத்தனையும் நடந்திருக்குமா? அவர் மேல்தான் எனக்கு இப்போது ஆத்திரம்.

ஜூலை 26, சனி

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். கிழக்கு வீடு பூட்டிக் கிடப்பதையும் சேர்த்துச் சொன்னேன். அது தெரியும் ஐயா, அன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டேன், நீங்களாக வருகிறீர்களா என்று பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார் எஸ்.ஐ. அம்மாள். காத்திருந்து என்னைப் பிடித்தவர்கள் குறைவு.

வாக்குமூலம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தந்தத் தேதியிலேயே நான் போட்ட ஒன்றிரண்டு கையெழுத்துகளில் இதுவும் ஒன்று.

ஏட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். காது விஷயத்தில் அவர் மேல் தப்பில்லை என்று எழுதுவாராம். செத்தவர் வீட்டில் கையெழுத்துப் போட்டதற்கு மெமோ மெமோதானாம். எனக்கு என்ன ஆகும் என்றும் கேட்டேன்.

"உங்க மேல என்ன கேஸ் போடறதுன்னு எனக்குத் தெரியல. போட்டாலும் நீங்க அதையும் வச்சு விளையாடுவீங்க. ஞானதிரவியம் ஐயாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க."

ஏட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். நான் தாண்டிப் போகும்வரை தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

புது உத்தரவு வந்திருக்கிறது. நோட்டு இனிமேல் வீட்டுக்குள்தான் தொங்கும். வண்டியை அணைக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் குரல் வந்த பிறகுதான் கையெழுத்து. ஒருத்தரைப் பற்றிய விவரத்தை அவரிடமே கேட்டு எழுத வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் சொல்வதை எழுதக் கூடாது. கடைசி வரி எனக்காகவே போட்டது. அறுபத்தோரு வீட்டை மூன்று பேருக்குப் பிரித்துவிட்டார்களாம். எங்கள் தெருவுக்குச் சங்கரபாண்டியே.

காலையில் தெரு முனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "சொரிமுத்தூ, இருக்கேரா செத்தீரா?" ஏழு வீட்டுக்குக் கேட்டிருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பிவிடுவாரோ என்று பயந்தேன். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பேச்சிக்கனி மாவு தந்தாள். பேச்சு தரவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஞானதிரவியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வாக்கர் பிடித்து நடக்கிறாராம். மகள் ஒரு மாசம் இருப்பாளாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் செருமுவது கேட்கிறது. எனக்கும் காது நன்றாகத்தான் கேட்கிறது.

இந்த நோட்டில் ஏட்டைத் திட்டினேன், எஸ்.ஐ.யைத் திட்டினேன், மாவுக்காரியைத் திட்டினேன், கீழே விழுந்து கிடந்தவரையே திட்டினேன். ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதவில்லை. ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை.

காலை ஏழு மணிக்கு டீக்கடைக்குக் கிளம்பினேன். அவர் கேட்டில் மாவுப் பை தொங்கியது. பார்த்தேன். ரோஷக்காரன் தோசை சுடாமல் என்ன பண்ணுகிறான் என்று நினைத்தேன். கேட்டைத் தாண்டும்போது என் செருப்புச் சத்தம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சொரிமுத்து என்று கூப்பிட்டார். பக்கவாட்டிலிருந்து வந்தது குரல். நின்றேன். மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தடவையும் கூப்பிட்டார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கூப்பிட மாட்டேன் என்று சொன்ன வாய் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை என்று நினைத்தேன். செவிடன் என்று நான் சொன்னதற்கு அந்தக் குதி குதித்தவருக்கு, செவிடு என்றால் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும். இன்னும் இரண்டு தடவை கூப்பிடட்டும். அதற்கு அப்புறம் திரும்பலாம். காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டே போனேன். அன்றைக்கு இரண்டாவது டீ வாங்கிக் குடித்தேன், சந்தோஷத்தில். திரும்பி வரும்போது சத்தம் இல்லை. கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார் என்று நினைத்தேன்.

ஏட்டுக்காவது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்றைக்குப் போனேன். அவர் சர்ச்சுக்குப் போக முடியாததால் மகள் மட்டும் போயிருந்தாள். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாக்கர். பாதி ஆளாகிவிட்டார். நாலு கால் ஆகிவிட்டதே, இனி லாடம் அடிக்க வேண்டுமே என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவர் சிரித்துவிட்டார். மோவாய் ஆட, சத்தமில்லாமல் சிரித்தார். எத்தனை நாள் ஆயிற்று அதைப் பார்த்து.

"ஏட்டு வந்து எல்லாத்தையும் சொன்னாரு ஓய். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தீராமே. நீரு எழுதிக் குடுத்துத்தான் எனக்குத் தெரியணுமா? அவ்வளவு கிறுக்கு இந்த ஊருல வேற யாருக்கு இருக்கு? உக்காரும். மக வந்ததும் டீ போடுவா."

உட்கார்ந்தேன். அதோடு விட்டிருக்கலாம். டீ வந்திருக்கும். நாளைக்கு அவர் என்னைச் சீண்டியிருப்பார், நான் அவரைச் சீண்டியிருப்பேன், இரண்டு பேரும் சாகும்வரை அப்படியே போயிருக்கும். வாய் நிற்கவில்லை. இந்த வாய் என்றைக்கு நின்றது?

"இன்னொண்ணு இருக்கு ஓய். ஞாயித்துக்கெழம காலைல நீரு எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டீரு."

அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்குக் கேட்டுச்சு. மூணு தடவையும் கேட்டுச்சு."

வாக்கர் மேல் இருந்த அவர் கை அப்படியே இருந்தது. தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கிற சத்தம். எனக்காகச் சொல்வது போல இல்லாமல், மெதுவாகச் சொன்னார்.

"ஒமக்குத்தான் காது போயிட்டுன்னு நெனச்சேன். இம்புட்டு நாளும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

வாக்கரைப் பிடித்து எழுந்தார். நான் தாங்கப் போனேன். முழங்கையால் தள்ளிவிட்டார். கதவுக்குப் பத்தடிதான் இருக்கும். வாக்கரைத் தூக்கி முன்னால் வைப்பார், நிற்பார். நல்ல காலை எடுத்து வைப்பார், நிற்பார். அடுத்த காலை இழுப்பார். நான் பின்னாலேயே நின்று, இன்னும் ரெண்டு தடவை கூப்பிடட்டும்னுதான் ஓய் நெனச்சேன், அதுக்குள்ள திரும்பிரலாம்னுதான், என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் நிலைப்படியைத் தாண்டிவிட்டார்.

ஞானதிரவியம் என்று கூப்பிட்டேன். மூன்று தடவை கூப்பிட்டேன். அவருக்கு நன்றாகக் காது கேட்கும்.